நடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நடந்து பாப்போமே

"மரம் நடப் போறோம், வாங்க"ன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டா போதும், ஆளு மேல ஆளு பேர் குடுப்பாங்க. டீ ஷர்ட் அடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர், பேனர் என் செலவுன்னு இன்னொருத்தர், குழந்தைங்களக் கூட்டிட்டு வரலாமான்னு கேக்குறவங்க தனி. அதே குரூப்ல "செடி பாக்கப் போறோம், எதுவும் நட மாட்டோம், மெதுவா நடந்து பாத்துட்டு டீ குடிச்சிட்டு வருவோம்"னு போட்டா கட்டைவிரல் சிம்பல் வரிசையா வந்து விழும், ஆனா ஞாயித்துக்கிழமை விடிகாலைல பஸ் ஸ்டாப்ல வந்து நிக்கிறது என்னமோ வழக்கமான அதே மூஞ்சிங்கதான். ரிட்டையர் ஆன பேங்க் சார், தாவரவியல் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, எப்பவும் லேட்டா வர்ற ஐடி தம்பி, அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குற நான். இதுல யார் மேலயும் கோவம் இல்ல. ஆனா இப்படியே சுத்திச் சுத்தி எனக்கு ஒரு கருத்து கெட்டியாயிடுச்சு, நாட்டுச் செடிங்களக் காப்பாத்தணும்னா கடப்பாரையத் தூக்குறதுக்கு முன்னாடி அந்த எடத்துல ஏற்கனவே என்ன நிக்குதுன்னு பாக்கணும்.

நான் சொல்றது சென்னைக்குத் தெக்க, தாம்பரம் மேடவாக்கத்துல இருந்து செங்கல்பட்டு, மரக்காணம், பாண்டிச்சேரி வரைக்கும் இருக்கிற இந்த கடலோரப் பூமிய. வருஷத்துல பாதிக்கு மேல காஞ்சு கிடக்கும், அப்புறம் ஐப்பசி கார்த்திகைல வானம் பொத்துக்கிட்டுக் கொட்டும். இந்த மழைக்கும் வெயிலுக்கும்னே உருவான காடு ஒண்ணு இருக்கு. வனத்துறைப் பட்டியல்ல உலர் பசுமைமாறாக் காடுன்னு தனிப் பேரே உண்டு. ஆந்திரால விசாகப்பட்டினம் பக்கத்துல இருந்து ராமநாதபுரம் வரைக்கும் கடலை ஒட்டி ஒரு பட்டை மாதிரி இருந்தது, இப்ப துண்டு துண்டா ஒட்டிக்கிட்டு நிக்குது. மரங்க ரொம்ப ஒசரம் போகாது, ரெண்டு மூணு ஆள் ஒசரம், நல்ல காடா இருந்தா அதுக்கு மேல கொஞ்சம். இலை தடிப்பா, பளபளன்னு, தோல் மாதிரி இருக்கும், அதனாலதான் சித்திரை வெயில்லயும் உதிராம நிக்குது. வீரை, பாலை, காயா, கருங்காலி, காட்டு எலுமிச்சைன்னு பேரச் சொன்னா ஊர்ப்பக்கம் வயசானவங்களுக்கு உடனே கண்ணு விரியும். வன்னிப் பக்கத்து ஈழத்துக்காரங்ககிட்ட பாலைப்பழம்னு சொல்லிப் பாருங்க, அரை மணி நேரம் கதை ஓடும், அவங்க காட்டுலயும் இதே வீரை, இதே பாலைதான்.

பிரச்சனை என்னன்னா இந்தக் காட்ட வெட்டி, மேய்ச்சு, சுள்ளி பொறுக்கி விட்டா அது செத்துப் போறதில்ல, குட்டையாயிடுது. இடுப்பளவு, தோளளவு முள்ளும் புதருமா நிக்கும். காரை, களா, சூரை, இசங்கு, பாணல், விராலி. ரோட்டுல போற யாருக்கும் அது காடாத் தெரியாது. சும்மா கிடக்குது, பாம்பு அண்டும், சுத்தம் பண்ணிட்டு மரம் வைக்கலாம்னுதான் தோணும். ஆனா அந்தப் புதருக்கு அடியில வேர்க்கட்டை இருக்கு, அது எத்தனை வருஷப் பழசுன்னு யாருக்கும் தெரியாது, வெட்ட வெட்டத் துளிர்க்கிற ஜாதி. சும்மா விட்டாலே போதும், அதுபாட்டுக்கு மேல வரும்.

இதை எனக்குப் புரிய வச்சது புத்தகம் இல்ல, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கரைல ஆடு மேய்ச்சிட்டிருந்த ஆயா. நாங்க குனிஞ்சு குனிஞ்சு இலைய போட்டோ எடுக்கிறதப் பாத்துட்டு, "இன்னா, நெலம் அளக்க வந்துகிறீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்ல ஆயா, செடி பாக்க வந்தோம்னு சொன்னதும் ஒரு சிரிப்பு. அப்புறம் கூடவே நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு காரைப் புதர்கிட்ட நின்னு கையில இருந்த குச்சியால முள்ள வெலக்கி, "உள்ளாற பாரு"ன்னாங்க. நடுவுல முழங்கால் ஒசரத்துக்கு ஒரு நாவக் கன்னு, இலைல ஒரு கடி கூட இல்லாம. "வெளிய மொளச்சிருந்தா என் ஆடு வுட்டிருக்குமா? ஓரத்துல தாம்மா கடிக்கும், முள்ளுக்குள்ளாற மூக்க வுடாது." அவ்ளோதான் பாடம். கொண்டைக்குருவி (புல்புல்) பழத்தத் தின்னுட்டுப் புதர் மேல வந்து உக்காரும், எச்சம் போடும், விதை முள்ளுக்கு நடுவுல விழும், நெழலும் ஈரமும் கிடைக்கும், ஆடு தொடாது, கொஞ்ச வருஷத்துல புதரத் தாண்டி மரம் தலையத் தூக்கும். நம்ம காசு குடுத்து வாங்கி கன்னச் சுத்தி வைக்கிற கூண்டு, ட்ரீ கார்டெல்லாம் இந்த வேலையத்தான் பண்ணுது, அதுவும் பாதி நாள்ல யாராவது கழட்டிட்டுப் போயிடுறாங்க.

அன்னைக்கு அந்த ஆயா கிட்ட இருந்து கத்துக்கிட்டது ஒரு நோட்டு ரொம்பும். எந்தப் பழம் தின்னலாம், எதைத் தின்னா தொண்டை அரிக்கும், எந்தத் தழைய ஆட்டுக்கு வயிறு சரியில்லாதப்ப குடுக்கணும். எங்க காலேஜ் பொண்ணுங்க லத்தீன் பேர் சொல்ல, அவங்க ஊர்ப் பேர் சொல்ல, நடுவுல நான் எழுதி எழுதி கை வலி. இந்த மாதிரி நடைக்குப் போறவங்களுக்கு என்னோட ஒரே வேண்டுகோள், ஊர்க்காரங்க யாராவது கூட வந்தா நீங்க பேசுறத நிப்பாட்டிடுங்க.

நடைன்னா பெருசா ஒண்ணும் இல்ல. நன்மங்கலம் காப்புக்காடு மாதிரி எடம்னா வனத்துறைகிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், இஷ்டத்துக்கு உள்ள போக முடியாது, போகவும் கூடாது. சுமார் 320 ஹெக்டேர், சுத்தி அபார்ட்மென்ட், நடுவுல பழைய கல்குவாரி, அதுக்குள்ள கொம்பன் ஆந்தை குடும்பம் நடத்துது, மழை முடிஞ்சா தரையில முளைக்கிற ஆர்க்கிட் பூக்குது. வேளச்சேரி மெயின் ரோட்டு ஹாரன் சத்தம் கேட்டுக்கிட்டே ஆர்க்கிட் பாக்குறது ஒரு மாதிரி வேடிக்கையான அனுபவம்தான். மத்தபடி ஏரிக்கரை, ஊர்ப் பொறம்போக்கு, குன்று, கோயில்காடு. ஒரு மணி நேரத்துல நூறு மீட்டர் கூட நகர மாட்டோம் சில நாள்.

புதுசா வர்றவங்க போனைச் செடிகிட்ட காட்டிட்டு ஆப் என்ன சொல்லுதோ அதை அப்படியே நம்பிடுறாங்க, அது பாதி நேரம் பிரேசில் செடிப் பேரச் சொல்லும். செடி, பூச்சி போட்டோவெல்லாம் போடுற ஐநேச்சுரலிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, நாங்க அதுல போடுறோம், விஷயம் தெரிஞ்சவங்க பாத்துத் திருத்துவாங்க. ஆனா பூவ மட்டும் குளோசப்ல எடுத்துப் போட்டா பாவம் அவங்களும் என்ன பண்ணுவாங்க? இலையோட முன்பக்கம், பின்பக்கம், இலைங்க எதிரெதிரா இருக்கா மாத்தி மாத்தி இருக்கான்னு தெரியுற மாதிரி ஒரு கிளை, காய் இருந்தா காய், பட்டை, கடைசியா முழுச் செடி, இத்தனையும் வேணும். கசக்கி மோந்து பாக்குறது போட்டோல வராது, அதைக் குறிப்புல எழுதணும். காட்டு எலுமிச்சை இலையக் கசக்கினா போதும், எலுமிச்சை வாசம் தூக்கும், கருப்பும் நீலமுமா பெருசா ஒரு வண்ணத்துப்பூச்சி பறக்குமே, அதோட புழுவுக்கு இந்த இலைதான் சாப்பாடு. ஆர்க்கிட், செங்காந்தள் மாதிரி ஆளுங்க தோண்டி எடுத்துட்டுப் போற செடின்னா எடத்த மறைச்சுப் போடுங்க. செங்காந்தள் நம்ம மாநிலப் பூ, திண்டுக்கல் கரூர்ப் பக்கமெல்லாம் விதைக்காக வயல்லயே போடுறாங்க, மூட்டுவலி மருந்துக்குப் போகுது, கிழங்கு பயங்கர விஷம், இருந்தும் காட்டுல இருக்கிற கிழங்கத் தோண்ட ஆள் வருது.

எனக்குப் புடிச்ச செடின்னு கேட்டா மோதிரக்கண்ணி. புதர் மேல தொத்தி ஏறுற கொடி. அதோட சின்னக் கிளைங்கள்ல, இலைக்குக் கீழ, ஜோடி ஜோடியா ரெண்டு கொக்கி சுருண்டு இருக்கும், அசல் மோதிரம். பச்சையா இருக்கும்போது தொட்டா மெதுவா வளையும், பக்கத்துக் குச்சிய ஒருவாட்டி புடிச்சிட்டா அப்படியே தடிச்சு மரக்கட்டை மாதிரி ஆயிடும், நம்ம பலத்துக்குப் பிரிக்க முடியாது. மஞ்சப் பூ, அஞ்சு இதழ், சீக்கிரம் கொட்டிடும். பழுத்தா செவப்பு உருண்டை. முதல் தடவை பாக்குற எந்தக் கொழந்தையும் அந்தக் கொக்கிக்குள்ள விரல விடாம இருந்து நான் பாத்ததே இல்ல. இதை எந்த நர்சரிலயும் விக்க மாட்டாங்க, எந்த மரம் நடு விழாலயும் நட மாட்டாங்க, புதர சுத்தம் பண்றப்ப ஜேசிபில முதல்ல போறதும் இதுதான்.

கோயில்காடு பத்தி சொல்லாம போக முடியாது. ஈசிஆர்ல மரக்காணம் தாண்டி பாண்டிக்குப் போற வழில கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் இருக்கு. அந்தக் காட்டுக்குள்ள நுழைஞ்சா வெளிய அடிக்கிற வெயில் சட்டுன்னு அணைஞ்ச மாதிரி இருக்கும். அங்க அதிகமா நிக்கிறது காயா மரம், கோடைல குச்சி முழுக்க நீலமா பூ அப்பிக்கிட்டு நிக்கும், பெருமாளக் காயாம்பூ வண்ணன்னு பாடுறது இந்த நிறத்தத்தான். தொடை தடிமனுக்குக் கொடிங்க மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் இந்தப் பக்கத்துக் கோயில்காடுகள்ல மரத்தையும் கொடியையும் ஒண்ணொண்ணா அளந்து வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. சாமி காவல்னு ஒரு குச்சி கூட ஒடிக்கக் கூடாதுன்ற கட்டுப்பாடு இல்லன்னா இந்தக் கடலோரத்துல அவங்களுக்கு அளக்க ஒண்ணும் மிஞ்சியிருக்காது. 2025ல திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காட்ட பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசாங்கம் அறிவிச்சது, 2022ல அறிவிச்ச மதுரை அரிட்டாப்பட்டிக்கு அடுத்தபடியா. சந்தோஷமான விஷயம். ஆனா வேற ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், கோயில் பெருசாகப் பெருசாக காடு சிறுசாயிட்டே போறதக் கண்ணால பாத்துட்டிருக்கோம். முதல்ல மடப்பள்ளி, அப்புறம் கார் நிறுத்த எடம், அப்புறம் சிமெண்ட் பாதை, அப்புறம் "அழகுக்கு" வரிசையா அசோக மரம். கமிட்டிப் பெரியவங்ககிட்ட பேசினா அன்பாத்தான் பேசுறாங்க, "தம்பி, நாங்களும் மரம்தானே வைக்கிறோம்"ன்றாங்க. என்ன பதில் சொல்றது? கிடா வெட்டு முடிஞ்ச மறுநாள் நாங்க போய் பிளாஸ்டிக் தட்டு பொறுக்குறோம், இதால அவங்களுக்கு எங்க மேல ஒரு மரியாதை வந்திருக்கு, அதை வச்சு மெதுவா மெதுவா பேசிட்டிருக்கோம்.

பெரிய அடி வாங்கினது ஒரு கம்பெனி சமூக சேவைக்குன்னு காசு ஒதுக்கி நடத்துன சிஎஸ்ஆர் நிகழ்ச்சில. எங்க லிஸ்ட்ல நல்லா ஏறியிருந்த ஒரு பொறம்போக்கு, காரை, களா, நிலக்குமிழ், ஆதொண்டை எல்லாம் அடர்ந்து கெடந்த எடம். ஒரு நாள் போனா மட்டமா செதுக்கி, வரிசையா குழி எடுத்து, பக்கத்துல பெரிய போர்டு. ஜூன் 5, உலக சுற்றுச்சூழல் தினம். அக்னி நட்சத்திரம் முடிஞ்ச கையோட சென்னைல கன்னு நட்டா அடுத்த பெரிய மழைக்கு ஐப்பசி வரைக்கும் காத்திருக்கணும், யார் தண்ணி ஊத்துவாங்க? கேரளாக்கு ஜூன் சரி. நமக்கு புரட்டாசிக் கடைசிதான் சரி. அது கூட யோசிக்காம, இருந்த காட்ட எடுத்துட்டு காட்டுக்கு விழா எடுத்தாங்க. வச்சதுல பாதி மயில்கொன்றை, பெருங்கொன்றை. ரெண்டும் வெளிநாட்டுக்காரங்க, 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப சென்னைத் தெருவெல்லாம் குறுக்க படுத்துக் கெடந்ததுல நிறைய இவங்கதான்.

இதுல அரசாங்கப் பக்கத்துலயும் ஒரு இழுபறி இருக்குன்னு எனக்குத் தோணுது. 2022ல ரெண்டு விஷயம் வந்துச்சு. ஒண்ணு பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தோட பசுமைப் பரப்ப 23.7 சதவீதத்துல இருந்து 33 சதவீதமா ஏத்தணும்னு. இன்னொண்ணு அந்நியச் செடிகள ஒழிச்சு சூழல மீட்கிறதுக்குன்னு ஒரு தனிக் கொள்கை. ரெண்டும் நல்லதுதான். ஆனா சதவீதம் ஏறணும்னா காலி எடம் தேடுவாங்க, காலி எடம்னு தேடினா கண்ணுல படுறது புதரும் புல்வெளியும்தான். அதனால இப்ப எங்க வேலைல முக்காவாசி, இந்த எடம் காலியா இல்ல, இதுல இத்தனை இனம் இருக்குன்னு போட்டோவோட, தேதியோட லிஸ்ட் போட்டு பஞ்சாயத்துக்கும் வனத்துறைக்கும் முன்னாடியே குடுத்து வைக்கிறது. மனு எழுதுறதுல நான் இப்ப ஓரளவு கெட்டிக்காரன்.

களை புடுங்குறது தனி கதை. சீமைக் கருவேலம் மேல மட்டும் வெட்டினா சிரிச்சுக்கிட்டே அடுத்த வருஷம் ரெண்டு மடங்கா வரும், மண்ணுக்குக் கீழ வேர்க்கழுத்தோட எடுக்கணும், இல்லன்னா தொடவே வேணாம். காயை மாடு தின்னு சாணில போட்டு ஊரு முழுக்க விதைக்குது, அதனால ஒருவாட்டி எடுத்துட்டு வந்துட்டா முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க, மழைக்கு அப்புறம் போயி சின்னக் கன்னா கையால புடுங்கினாத்தான் உண்டு. உண்ணிச்செடியும் அப்படியே, பூ அழகுதான், அழகுக்குன்னுதானே வெள்ளைக்காரன் கொண்டு வந்தான். எல்லாத்தையும் ஒரே நாள்ல மொட்டை அடிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. கீழ என்ன நாட்டுக் கன்னு ஒளிஞ்சிருக்குன்னு பாத்து, அதச் சுத்தி முதல்ல எடுத்து, அது கொஞ்சம் எழுந்த பிறகு அடுத்த வட்டம். ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கம் கருவேலங்கரி மூட்டம் போட்டுப் பொழைக்கிறவங்க எத்தனையோ பேர், நம்ம ஊர்லயும் அடுப்புக்கு அந்த வெறகுதான், அவங்களக் கேக்காம "ஒழிப்போம்"னு கோஷம் போடுறது டவுன்காரங்களுக்கு ஈஸி.

அப்ப நடவே கூடாதான்னு கேப்பீங்க. நடலாம், சுத்தமா எதுவும் மிஞ்சாத எடத்துல நடலாம், அதுக்கு ஆரோவில்ல விட பெரிய பாடம் கிடையாது. 1968ல அங்க செம்மண் ஓடி ஓடி பள்ளம் பள்ளமா கெடந்த மேடு, முதல்ல ஏதோ ஒண்ணு பச்சையா நிக்கட்டும்னு கத்திச் சவுக்கு மாதிரி வெளிநாட்டு மரத்த வச்சாங்க, அந்த நெழல்ல பின்னாடி வீரை, பாலைன்னு நாட்டு மரங்கள ஏத்தினாங்க. அதுக்கு விதை வேணும், விதைக்குத் தாய் மரம் வேணும், தாய் மரம் எங்க இருக்கு? கோயில்காட்டுலயும் அந்தப் புதர்லயும்தான். அங்க கையெழுத்துப் போட்டுக் கேட்டு, ஒரு மரத்துல கெடக்குறதுல கொஞ்சம் மட்டும் பொறுக்கி, மிச்சத்த குருவிக்கு விட்டுட்டு வருவோம். நாவல் விதைய எடுத்து வச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னா ஆச்சு, செத்துரும், சதையக் கழுவிட்டு உடனே போட்டுரணும். வேம்பும் ரொம்ப நாள் தாங்காது. சரக்கொன்றை நேர் எதிர், ஓடு இரும்பு மாதிரி, ஓரத்துல உரசி சுடுதண்ணில ஊறப்போட்டாத்தான் கண்ணத் தொறக்கும். பேங்க் சார் வீட்டு மொட்டை மாடில நெழல்வலை கட்டி, செம்மண்ணு மணல் எரு கலந்து பையில போட்டு வளக்குறோம், அவர் வீட்டம்மாவுக்கு துணி காயப்போட எடம் இல்ல, அதுக்கு எங்க எல்லாருக்கும் வாரா வாரம் திட்டு.

காயா கன்னு சிலது பக்கத்து அரசுப் பள்ளிக்குக் குடுத்தோம். பசங்க பேர் எழுதி வச்சு வளக்குறாங்க. மெதுவா வளர்ற ஜாதி, வச்சு எவ்ளோ நாளாச்சு இன்னும் முழங்கால தொடல, ஒரு அப்பா வந்து "சார், இது போன்சாயா?"ன்னு சீரியஸா கேட்டாரு.

இந்தப் புரட்டாசிக்கு ரெண்டு மூணு நடை வச்சிருக்கோம், ஏரிக்கரைல கொஞ்சம் களை வேலையும் இருக்கு. வர்றவங்க முழுக்கை சட்டை, கெட்டியான செருப்போ ஷூவோ, தண்ணி, முடிஞ்சா ஒரு சின்ன லென்ஸ் கொண்டு வாங்க. கன்னு மட்டும் வாங்கிட்டு வராதீங்க. போன தடவை ஒருத்தர் ரொம்ப ஆசையா நாலு மயில்கொன்றை கன்னு கொண்டு வந்துட்டாரு, வேணாம்னு சொல்லவும் மனசு வரல, நடவும் முடியல, நாலும் பேங்க் சார் மாடில தண்ணி டேங்க் பக்கத்துல தொட்டியில நிக்குது, அதுல ஒண்ணு இந்த வருஷம் பூவே வச்சிருக்கு.